ஸ்டார்ட்டர் போர்டு தானே ரீசெட் ஆகிறதா? ட்ரிகரை எங்கே வைப்பது

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் கிணற்றடிகளில் செல்போனில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர்கள் இப்போது சாதாரணம். பழுதுக்கு மதுரைக்கு வரும் போர்டுகளோடு ஒரு புகாரும் கூடவே வரும்: "கான்டாக்டர் இழுத்ததும் மோட்டார் நின்னுடுது, லைட்டு ஒருதரம் அணைஞ்சு எரியுது." அதாவது மோட்டாருக்கு மின்சாரம் சேர்க்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் இழுத்த கணத்தில் போர்டின் சிப் தானே ரீசெட் ஆகி, முதலிலிருந்து தொடங்குகிறது. மேசையில் வைத்தால் ஒரு குறையும் இருக்காது. மல்டிமீட்டர் இதைக் காட்டாது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதைப் படமாக வரையும் ஆசிலோஸ்கோப் காட்டும், எந்தக் கணத்தில் படம் பிடிக்க வேண்டும் என்று சொல்லும் ட்ரிகரைச் சரியாக வைத்தால்.

பிரேக்பாயிண்ட் போட்டு நிறுத்துவது இங்கே ஆகாத வேலை. புரோகிராம் நிற்கும், கான்டாக்டர் இழுத்தபடியே இருக்கும், மோட்டார் கேட்பாரின்றி ஓடும். சீரியலில் எழுத்து அனுப்பிப் பார்க்கலாம் என்றால், 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கே 1 மில்லி செகண்டுக்கு மேல் போய்விடுகிறது. அந்தத் தாமதத்திலேயே கோளாறு ஒளிந்துகொள்ளும்.

புரோபை எடுக்கும் முன் போர்டின் சப்ளையைப் பாருங்கள். மலிவான சில போர்டுகளில் டிரான்ஸ்பார்மர் கிடையாது, கெபாசிட்டர் வழியாக நேரே லைனிலிருந்து எடுத்திருப்பார்கள். அதில் போர்டின் கிரவுண்டே லைனோடு சேர்ந்தது. ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்போ எர்த்தோடு சேர்ந்தது. மாட்டினால் ஷார்ட். கிரவுண்டைச் சேர்க்காமல் இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் இல்லையென்றால் அந்த போர்டில் ஸ்கோப்பையும் மாட்டாதீர்கள், யுஎஸ்பி லாஜிக் அனலைசரையும் மாட்டாதீர்கள். ஸ்கோப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஸ்கோப்பின் உலோகப் பாகமெல்லாம் லைவ், ஆளை அடித்துவிடும்.

இனி ட்ரிகர். பலரும் ரிலே சிக்னலில் வைப்பார்கள். ரிலே நூறு தடவை இழுக்கும், ரீசெட் எப்போதோ ஒரு தடவைதான் வரும். ஆகவே விளைவில் ட்ரிகரை வைத்து, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். ரீசெட் பின்னில் முதல் சேனல், 3.3 வோல்ட் சப்ளையில் இரண்டாவது சேனல். ட்ரிகர் முதல் சேனலில்: இறங்கும் விளிம்பு (எட்ஜ்), லெவல் 1.6 வோல்ட், ஒருமுறை பிடித்ததும் நிற்கும் சிங்கிள் மோடு. ஆட்டோவில் விட்டால் பிடித்த படத்தை அடுத்த நொடியே அழித்துவிடும். ட்ரிகர் புள்ளியைத் திரையின் வலப்பக்கம் 80 சதவீதத்துக்குத் தள்ளுங்கள். வேண்டிய சங்கதி அதற்கு இடப்பக்கம்தான் இருக்கிறது. புரோப் 10எக்ஸில் இருந்தால் சேனல் மெனுவிலும் 10எக்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 3.3 வோல்ட் 0.33 ஆகத் தெரியும், 1.6-இல் ட்ரிகர் வரவே வராது.

அடுத்து வருவது பொய் ட்ரிகர். கான்டாக்டர் இழுக்கும்போது புரோபின் நீளமான கிரவுண்ட் வயரே ஆன்டெனா ஆகி இரைச்சலை வாங்கும். சோதிக்க ஒரு வழி: புரோப் முனையையும் கிளிப்பையும் போர்டு கிரவுண்டில் ஒரே இடத்தில் வைத்து மோட்டாரைப் போடுங்கள். அப்போதும் ஸ்பைக் தெரிந்தால் அது போர்டில் இல்லை, உங்கள் வயரில். கிளிப்பைக் கழற்றிவிட்டு, புரோப் முனையில் மாட்டும் சின்ன ஸ்பிரிங் கிரவுண்டைப் போடுங்கள். எட்ஜ் ட்ரிகரையும் மாற்றி, 10 மைக்ரோ செகண்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால் மட்டும் பிடிக்கும் பல்ஸ் விட்த் ட்ரிகர் வையுங்கள். எஸ்டிஎம்32எஃப்103 கன்ட்ரோலர் சிப் தானே ரீசெட் ஆனாலும் அந்தப் பின்னைக் குறைந்தது 20 மைக்ரோ செகண்ட் தாழ்த்திப் பிடிக்கும் என்பதால் அது தப்பாது. குறுகிய இரைச்சல் கழிந்துவிடும்.

பழைய 2,500 புள்ளி மெமரி ஸ்கோப்பில் 120 மில்லி செகண்ட் படம் எடுத்தால் புள்ளிக்குப் புள்ளி 48 மைக்ரோ செகண்ட் இடைவெளி. ட்ரிகர் விழும், ஆனால் 20 மைக்ரோ செகண்ட் பல்ஸ் திரையில் இருக்காது. ஸ்கோப் பழுது என்று நினைக்க வேண்டாம். புள்ளிகளுக்கு நடுவே வரும் உச்சத்தையும் பள்ளத்தையும் பிடிக்கும் பீக் டிடெக்டைப் போடுங்கள்.

ஏவிஆர் வகைக் கன்ட்ரோலர் சிப் என்றால் கதை வேறு. உள்ளே நடக்கும் ரீசெட் வெளிப் பின்னில் தெரியாது. மெயின் லூப்பிலிருந்து ஒரு காலிப் பின்னை 1 மில்லி செகண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி, 5 மில்லி செகண்ட் அசைவில்லை என்றால் பிடிக்கும் டைம்அவுட் ட்ரிகர் வையுங்கள். அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் புல்டவுன் ரெசிஸ்டர் கட்டாயம்; ரீசெட்டில் பின் மிதந்தால் இரைச்சலே துடிப்பு போலத் தெரியும்.

படம் கிடைத்ததும் 3.3 வோல்ட்டைப் பாருங்கள். எஸ்டிஎம்32-இல் அது சுமார் 1.9-க்குக் கீழே சரிந்து அதன் பிறகு ரீசெட் வந்திருந்தால் கோளாறு சப்ளையில்தான். மறுமுறை இரண்டாவது சேனலை ஜிஎஸ்எம் மாட்யூலின் சப்ளைக்கு மாற்றுங்கள். சிம்800எல் சிக்னல் அனுப்பும்போது 577 மைக்ரோ செகண்ட் துண்டுகளாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த அகலத்தில் பள்ளம் விழுந்தால் மாட்யூல் பக்கத்திலேயே 1000 மைக்ரோ ஃபாரட் லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) கெபாசிட்டர் வையுங்கள், மெலிந்த டிராக்கைக் கனமான வயரால் இணையுங்கள்.

சப்ளை ஆடாமல் இருந்தால், எதனால் ரீசெட் ஆனது என்று சிப் உள்ளே குறித்துவைக்கும் ரீசெட் காரணக் கொடிகளைப் படிக்க வேண்டும். புரோகிராம் சிக்கி நின்றால் சிப்பை ரீசெட் செய்யும் வாட்ச்டாக்கின் கொடி ஏறியிருந்தால் புரோகிராமைத் தேடுங்கள். ரீசெட் பின்னின் கொடி மட்டும் ஏறியிருந்தால் வெளி இரைச்சல்: ரீசெட் பின் அருகே 0.1 மைக்ரோ ஃபாரட், கான்டாக்டர் காயிலின் குறுக்கே, 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரடும் தொடராகச் சேர்ந்து இரைச்சலை அடக்கும் ஸ்னப்பர். காயில் 415 வோல்ட் என்றால் கெபாசிட்டர் 440 வோல்ட் ஏசி ரேட்டிங்கில் இருக்கட்டும். கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் 275 வோல்ட் எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர் அங்கே தாங்காது.