பெயின்ட் கரெக்‌ஷன்: இழைப்பு, மெருகு, மெழுகு

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு டிங்கரிங் பட்டறையில் வண்டியின் கீறலைக் காட்டினால், 'ரப்பிங் பாலிஷ் போட்டுடலாம்' என்பார்கள். ஏசி போட்ட டீடெய்லிங் கடையில் அதே வேலை 'பெயின்ட் கரெக்‌ஷன்' ஆகிவிடுகிறது. விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. ஆனால் இந்த வேலையில் வண்டியின் பூச்சு குறைகிறது என்பதை இரண்டு பெயர்களுமே சொல்வதில்லை. தமிழில் பெயர் வைப்பதானால் அதைச் சொல்கிற பெயராக வைப்பது நல்லது.

முதலில் டீடெய்லிங். பிரெஞ்சில் 'தாயே' என்றால் வெட்டுதல். துண்டு துண்டாக வெட்டுவதிலிருந்து 'டீடெய்ல்' பிறந்தது. துணியை வெட்டுகிற டெய்லரும், சிறிது சிறிதாக விற்கிற ரீடெய்லும் அதே குடும்பம்தான். வண்டியை மொத்தமாகக் கழுவாமல், சக்கரம், கதவிடுக்கு, தோல் இருக்கை, மேற்பூச்சு என்று பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்ப்பதால் இந்தப் பெயர். விவரம் என்ற சொல்லை இங்கே ஒட்டவைக்க முடியாது. 'நகாசு' ஆசை காட்டும். ஆனால் அது அரபியிலிருந்து வந்த சொல். இல்லாத வேலைப்பாட்டைச் சேர்ப்பதைக் குறிப்பது. 'நுண்பராமரிப்பு' போதும்.

கரெக்‌ஷனின் லத்தீன் வேரில் 'நேராக்குதல்' இருக்கிறது. அதைத் 'திருத்தம்' என்று எழுதினால் தவறில்லை. நிலம் திருத்துகிறோம் அல்லவா? சிக்கலும் அங்கேதான். வயலைச் சமன் செய்யும்போது மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டு நிரவுவார்கள். வண்டிப் பூச்சில் பள்ளத்துக்குப் போட மண் கிடையாது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள மேட்டையெல்லாம் குறைப்பது ஒன்றே வழி. 'வண்ணத் திருத்தம்' என்பது இன்னும் மோசம், ஏனென்றால் இந்த வேலையில் வண்ணத்தை யாரும் தொடுவதே இல்லை.

தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக நான்கு அடுக்கு: துருத் தடுப்பு, பிரைமர், நிறம், அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட். மொத்தம் ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது இந்த அடுக்கு. காம்பவுண்ட் என்ற அறுக்கும் பசையைப் போட்டு ஒருமுறை தேய்த்தால் 1 முதல் 3 மைக்ரான் வரை போகும். 2000 அல்லது 3000 எண் உப்புத்தாள் பிடித்தால் அதைவிட அதிகம். ஆக ஒரு வண்டி தன் ஆயுளில் இதைச் சில முறைதான் தாங்கும்.

இதற்குப் பொருந்தும் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: இழைத்தல். தச்சர் மரத்தை இழைக்கிறார். கல்லில் சந்தனம் இழைக்கிறோம். தேய்வதும் வழவழப்பாவதும் இரண்டிலும் சேர்ந்தே நடக்கின்றன. இழைத்த கட்டை சிறுத்துப்போகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் பெயின்ட் கரெக்‌ஷனுக்கு 'மேற்பூச்சு இழைப்பு'.

இழைப்புக்கு அடுத்தது மெருகு. நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்கும் சுவாமிமலைப் படிமத்துக்கும் கடைசியில் ஏற்றுவது அதுதான். தெலுங்கிலும் இதே சொல் பளபளப்பைக் குறிக்கும். மெழுகு இதற்கு நேர் எதிர், மேலே பூசுவது. 'வாக்ஸ் பாலிஷ்' என்று ஒரே மூச்சில் சொல்லி இரண்டையும் குழப்பிவிட்டார்கள். வரிசை இதுதான்: இழைப்பு கீறலை எடுக்கும், மெருகு இழைப்பின் தடத்தை எடுக்கும், மெழுகு அல்லது செராமிக் பூச்சு அதன்மேல் காப்பாக நிற்கும்.

டெல்டாவில் கீறல் விழும் விதமே தனி. சம்பா அறுவடையில் இயந்திரம் கிளப்பும் தூசியும், ரோட்டில் காயப்போட்ட நெல்லின் உமித்தூளும் வண்டியில் படியும். உமியை எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். அதில் பெரும்பகுதி சிலிக்கா. உமிக்கரி பல்லைத் துலக்கியது சும்மா இல்லை. அந்தத் தூசியைக் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், கறுப்பு வண்டியில் விளக்கைச் சுற்றி வலை பின்னியதுபோலத் தெரியும். ஸ்வர்ல், அதாவது சுழல், என்பது இதைத்தான். உண்மையில் அவை வட்டமானவை அல்ல. எல்லாத் திசையிலும் ஓடும் நேர்க்கீறல்களில் வெளிச்சத்துக்குக் குறுக்கே நிற்பவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. மயிரிழைக் கீறல் என்பதே சரி.

இன்னொன்று தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரில் கழுவி வெயிலில் உலரவிட்டால் உப்பு வளையம் நிற்கும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு நிமிடம் ஒற்றி, உடனே நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அதற்கும் போகாத வளையம் பூச்சை அரித்துவிட்டது என்று பொருள், இழைப்புதான் வழி. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் ஆர்ஓ தண்ணீர் வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை இல்லை.

இழைக்கும் முன் தடிமானியை வைத்து ஒவ்வொரு பலகத்திலும் (பேனல்) நாலைந்து இடம் அளக்க வேண்டும். ஸ்போர்ட்ஸ் காரில் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 992 வரிசை போர்ஷே 911 கரெராவுக்கு முன்பின் பம்பர் தவிர வெளித்தோல் முழுக்க அலுமினியம். இரும்பை மட்டும் அறியும் காந்தக் கருவி அதில் வேலை செய்யாது. சுழல் மின்னோட்டக் கருவி வேண்டும். பிளாஸ்டிக், கார்பன் ஃபைபர் பாகங்களுக்கு மீயொலிக் கருவி. 200 மைக்ரானைத் தாண்டினால் மறுபெயின்ட் என்று சந்தேகிக்கலாம். 500-க்கு மேல் போனால் அடியில் பட்டி பார்த்திருப்பார்கள். 80-க்குக் கீழே காட்டினால் கையை எடுத்துவிடுவது உத்தமம்.

கழுவி, இரும்புத் துகள் நீக்கி, கிளே பார் என்ற களிமண் கட்டியால் தேய்த்து எடுத்து, விளிம்புகளுக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்ட வேண்டும். விளிம்பில் பூச்சு மெலிந்திருக்கும். நிறம் வரை எரிந்துபோவது பெரும்பாலும் அங்கேதான். பிறகு ஒன்றரை அடிச் சதுரத்தில் சோதனை. மென்மையான பேடும் மெல்லிய மெருகுப் பசையும்தான் முதலில். அது போதாவிட்டால் மட்டும் காம்பவுண்ட். இருசுழற்சி (டூயல் ஆக்ஷன்) இயந்திரத்தை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை என நாலு முதல் ஆறு முறை மெதுவாக நகர்த்த வேண்டும். ஒற்றைச் சுழற்சி இயந்திரம் வேகமாக அறுக்கும், ஒரே இடத்தில் சூடேற்றும். பழகாத கையில் அது புதுக் கோடுகளை விட்டுப்போகும். பலகம் சுடும்போது பசை காய்ந்து தூளாகும், அதனால் சித்திரை வெயிலில் திறந்த வெளியில் செய்யவே கூடாது. நகம் தட்டுப்படும் கீறலை முழுதாக எடுக்க முனைவதும் வேண்டாம்.

காம்பவுண்ட் என்றதும் நமக்குச் சுவர்தான் நினைவுக்கு வரும். அந்தக் காம்பவுண்ட் மலாயின் 'கம்போங்'கிலிருந்து வந்ததாக அகராதிகள் சொல்கின்றன. இது லத்தீன் வழி வந்த 'கலவை'. 'இழைபசை' என்று வைத்துக்கொள்ளலாம். 'களிம்பு' ஆகாது. பாத்திரக் கடைத்தெருவில் களிம்பு என்றால் செம்பில் ஏறும் பச்சைக் கறை.

மிச்சமிருப்பது ஏமாற்று வேலை. கிளேஸ் என்ற எண்ணெய்ப் பசை கீறலை அடைத்து மறைக்கும். அதை 'நிரவல்' என்று சொல்லிவிட்டால் குழப்பமில்லை. சில கழுவலில் அது கரைந்து, கீறல் பழையபடி எட்டிப்பார்க்கும். வண்டியை எடுக்கும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 10 முதல் 20 சதவீதம் இருக்கும்படி தண்ணீரில் கலந்து ஒரு பலகத்தைத் துடைக்கச் சொல்லி, டார்ச்சைச் சாய்த்துப் பாருங்கள். நிரவியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பில்லில் 'பாலிஷ்' என்று மட்டும் எழுதித் தந்தால், எந்தப் பலகத்தில் முன்பு எத்தனை மைக்ரான், இப்போது எத்தனை என்பதையும் எழுதி வாங்கி வண்டிப் புத்தகத்தில் வையுங்கள். அடுத்த முறை இழைப்பவர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான்.