ஒரே நிலத்தில் இரண்டு டோங்: சில்லிம் பகுதியின் பெயர் வரலாறு

சியோல் மாநகரின் தென்பகுதியில், குவானாக் மலையடிவாரத்தில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிக் குடியிருப்பவரின் முகவரியில் தெருப்பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் ‘சில்லிம்-டோங்’ என்றிருக்கும். ஆனால், குடியிருப்புச் சான்று பெற அவர் செல்லும் அலுவலகத்தின் பெயர்ப்பலகையோ ‘டேஹாக்-டோங்’ என்று சொல்லும். இரண்டுமே சரியான பெயர்கள்தாம்.

கொரிய நகரங்களில் ‘டோங்’ என்னும் பிரிவு இரண்டு அடுக்குகளாக இயங்குகிறது. சட்டப்படியான டோங் நிலத்தைச் சார்ந்தது. மனை எண்களும் சொத்துப் பதிவுகளும் அதன் பெயரிலேயே இருப்பதால் அதை எளிதில் மாற்றுவதில்லை. நிர்வாக டோங் மக்களைச் சார்ந்தது. குடித்தொகை பெருகினால் அதைப் பிரிப்பார்கள், குறைந்தால் இணைப்பார்கள். குடியிருப்போர் குறைந்த பழைய நகர மையத்தில், மியோங்-டோங் அலுவலகம் ஒன்றே பல சட்ட டோங்குகளைக் கவனித்துக்கொள்கிறது. சில்லிமில் நிலைமை தலைகீழ்.

கியோங்கி மாகாணத்துச் சிஹுங் வட்டத்தின் சிற்றூராக இருந்த சில்லிம், 1963இல் சியோலோடு சேர்க்கப்பட்டது. 1973இல் யோங்டுங்போவிலிருந்து குவானாக் தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அதன் பகுதியானது. நகர மையத்துக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டோர் மலைச்சரிவுகளில் குடியேறியதாலும், 1975இல் பல்கலைக்கழகம் அங்கு இடம்பெயர்ந்ததாலும் மக்கள் பெருகினர். நிர்வாக டோங்கைப் பிரிக்கும்போதெல்லாம் புதிதாகப் பெயர் தேடாமல் எண்ணைச் சேர்த்தே சமாளித்ததால், வரிசை சில்லிம்-13 வரை நீண்டது.

2008இல் குவானாக் மாவட்டம் சில பிரிவுகளை இணைத்து, எண்களைக் கைவிட்டுப் புதுப் பெயர்கள் சூட்டியது. சில்லிம்-9 டேஹாக்-டோங் ஆனது. சில்லிம்-4 சின்சா-டோங் ஆனது. 6ஆம் 10ஆம் பிரிவுகள் சேர்ந்து சாம்சோங்-டோங் ஆயின. சட்டப்படி இன்றும் ஒன்றாகவே உள்ள சில்லிமுக்குள் இப்போது 11 நிர்வாக டோங்குகள் இருக்கின்றன.

வம்பு அங்கேதான் தொடங்கியது. சின்சா, சாம்சோங் இரண்டும் செல்வச் செழிப்புமிக்க கங்னம் மாவட்டத்தில் ஏற்கெனவே உள்ள பெயர்கள். அருகிலுள்ள போங்சொன்-1க்குச் சூட்டிய போராமே என்பதோ பக்கத்து டோங்ஜாக் மாவட்டத்திலுள்ள பூங்காவின் பெயர். இரு மாவட்டங்களும் அரசியல் சாசன நீதிமன்றத்தை நாடின. நிர்வாக டோங்கின் பெயர் எந்த உள்ளாட்சி அமைப்புக்கும் தனியுரிமை ஆகாது என்று 2009இல் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. சாம்சோங் என்பது குவானாக்கை ஒட்டிய மலையொன்றின் பெயரும்கூட என்பதால், கங்னத்தின் கோபத்தில் பெயர்க்குழப்பத்தைவிட வீட்டுமனை மதிப்பின் கவலையே மிகுதி என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த வழக்குக்கு முன்பே சியோலின் உன்பியோங் மாவட்டத்திலும் ஒரு சின்சா-டோங் இருந்தது. அதன் நிர்வாகப் பிரிவுகள் இன்றும் சின்சா-1, சின்சா-2 என்று எண்களோடுதான் வழங்குகின்றன.