பிக் பாஸ் வீட்டை ஆறு பேர் பங்கு போட்ட கணக்கு

கிரிக்கெட்டுக்கு ஃபேன்டசி லீக் ஆடிப் பழகிய கூட்டம்தான் நாங்கள், அதாவது நிஜ வீரர்களை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டு, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி எண்ணும் போட்டி. 2024 அக்டோபரில் விஜய் சேதுபதி தொகுத்து வழங்கிய பிக் பாஸ் தமிழ் எட்டாவது சீசன் தொடங்கியபோது, இதற்கும் ஒரு லீக் வைத்தால் என்ன என்று ஒருவன் கிளப்பிவிட்டான். முதல் நாள் வீட்டுக்குள் போனவர்கள் 18 பேர், நாங்கள் ஆறு பேர், ஆக தலைக்கு மூன்று போட்டியாளர்கள். தாக்குப்பிடிக்கும் ஒவ்வொரு வாரத்துக்கும் 10 புள்ளி, வீட்டுத் தலைவர் ஆனால் 5, நாமினேஷனில் சிக்கினால் 2 குறையும். பணம் கிடையாது, கடைசியில் வருபவன் பரோட்டா செலவு.

நிகழ்ச்சியில் சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே எங்களுக்குள் ஆரம்பித்துவிட்டது. யார் முதலில் ஆளை எடுப்பது?

சீட்டுக் குலுக்கி வரிசை போட்டுக்கொண்டு, மூன்று சுற்றும் அதே வரிசையில் எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். மிகச் சிறந்த போட்டியாளருக்கு மதிப்பு 18, அடுத்தவருக்கு 17, இப்படியே இறங்கி கடைசி ஆளுக்கு 1 என்று வைத்துக்கொள்வோம். முதலில் எடுப்பவனுக்கு 18, 12, 6 சேர்ந்து 36 கிடைக்கும். ஆறாவது ஆளுக்கு 13, 7, 1 என்று வெறும் 21. ஆட்டம் தொடங்கும் முன்பே பரோட்டா யார் செலவு என்று தெரிந்துவிட்டது.

அதனால்தான் ஸ்நேக் டிராஃப்ட். முதல் சுற்று ஒன்றிலிருந்து ஆறு, அடுத்த சுற்று ஆறிலிருந்து ஒன்று, பாம்பு வளைந்து திரும்புகிற மாதிரி. இப்போது முதல் ஆளுக்கு 18, 7, 6 சேர்ந்து 31, கடைசி ஆளுக்கு 13, 12, 1 சேர்ந்து 26. பதினைந்தாக இருந்த வித்தியாசம் ஐந்தாகச் சுருங்கிவிட்டது, ஆனால் போகவில்லை. சுற்றுகள் ஒற்றைப்படையில் இருக்கும்வரை போகாது. நான்கு சுற்று என்றால் இந்தக் கணக்குப்படி சமமாகிவிடும்.

அதுவும் மதிப்பு படிப்படியாகச் சீராக இறங்கினால்தான். நிஜத்தில் மேலே இருக்கும் ஓரிருவர் மற்றவர்களைவிட எங்கேயோ இருப்பார்கள். இரண்டே பேர் ஆளுக்கு நான்கு பேரை எடுப்பதாக வைத்து, மதிப்பை 64, 49, 36, 25 என்று 1 வரை வர்க்க எண்களாகப் போட்டுப் பார்த்தால் (முதல் ஆள் அ, மற்றவன் ஆ), அஆஆஅ அஆஆஅ என்ற பாம்பு வரிசையில் முதல் ஆளுக்கு 106, மற்றவனுக்கு 98. அதையே அஆஆஅ ஆஅஅஆ என்று மாற்றினால் இருவருக்கும் சரியாக 102! முதல் பாதியில் அ இருக்கும் இடத்தில் ஆ, ஆ இருக்கும் இடத்தில் அ என்று மாற்றி இரண்டாம் பாதியாக ஒட்டுவது, அவ்வளவுதான் வித்தை. இதற்குத் தூ-மோர்ஸ் வரிசை என்று பெயர், நூறு வருஷத்துக்கு மேலாகக் கணித உலகில் இருக்கிறது. எங்கள் குழுவில் சொன்னேன், யாரும் படிக்கவில்லை.

சரி, பாம்பு வரிசையிலேயே எடுத்தோம். உள்ளே போன 24 மணி நேரத்தில் ஒருவரை வெளியேற்றி, சில நாளிலேயே அவரைத் திரும்ப உள்ளே விட்டார்கள். திரும்பி வந்தவரின் புள்ளி யாருக்கு? எங்கள் விதிகளில் அதற்கு இடமே இல்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. லீக் வைப்பவர்கள் எழுத வேண்டிய முதல் விதி அதுதான் என்பேன், புள்ளிக் கணக்கெல்லாம் அப்புறம்.

பிறகு வைல்ட் கார்டில் ஆறு பேர் வந்தார்கள். அவர்களை ஏலம் விட்டோம், ஆளுக்கு 100 விளையாட்டுக் காசு. இது ஒன்றும் புதுசில்லை. 1980-இல் நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் பேஸ்பாலுக்கு ஆரம்பித்த லீக்கிலேயே வீரர்களை ஏலத்தில்தான் எடுத்தார்கள். வரிசைச் சண்டை ஒழிந்தது, யாருக்கு யார் வேண்டுமோ கேட்கலாம்.

ஆனால் ஏலத்தில் வேறொரு குழி இருக்கிறது. ஒரு போட்டியாளரின் நிஜ மதிப்பு 30 காசு. அது யாருக்கும் தெரியாது, ஆறு பேரும் மனதுக்குள் 20, 25, 28, 33, 35, 39 என்று மதிப்பிடுகிறார்கள். கூட்டிச் சராசரி எடுத்தால் அச்சு அசலாக 30, அதாவது கூட்டமாகப் பார்த்தால் யாரும் முட்டாள் இல்லை. ஆனால் சராசரிக்காரனா ஏலத்தில் ஜெயிக்கிறான்? 35 வரை ஒருவன் கேட்டு நிற்க, 39 என்று நினைத்தவன் 36 சொல்லித் தட்டிச்செல்வான், ஆறு காசு நஷ்டத்தில். மதிப்பை எல்லாரையும்விடக் கூட்டிக் கணக்குப் போட்டவன்தான் ஜெயிக்கிறான்! மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமையை ஏலத்தில் வாங்கிய கம்பெனிகள் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்காமல் போன காரணத்தை, 1971-இல் மூன்று பொறியாளர்கள் இப்படித்தான் விளக்கினார்கள். வெற்றியாளரின் சாபம் என்று பெயர்.

தப்பிக்க வழி, நம் மனதில் தோன்றும் மதிப்பிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டு கேட்பது, ஏலத்தில் ஆள் கூடக் கூட இன்னும் அதிகமாகக் கழிப்பது. எங்கள் ஏலத்தில் முதல் இரண்டு பெயருக்கே பாதிப் பேர் காசைக் கரைத்துவிட்டார்கள். கடைசிப் பெயர் வந்தபோது கையில் காசு இருந்தவன் ஒரே ஒருவன். ஒரு காசுக்கு எடுத்தான்.