பெட்டகத்தின் மூன்று எண்கள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில் உட்கார்ந்து, நான் உருவாக்கிவரும், புதிர்களை விடுவித்து நகரும் சாகச கேமை இரண்டு பேரிடம் விளையாடக் கொடுத்தேன். ஒருத்தி சென்னையில் ஏழாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள். இன்னொருவர் எண்பதைத் தாண்டிய என் ஆத்தா. கேமில் ஓர் இரும்புப் பெட்டகம் வரும். அதைத் திறக்கும் எண், பழைய பேரேட்டின் ஓரத்தில் இருக்கிறது: ௮௭௨.

சின்னவள் அதை "அ, எ, உ" என்று வாசித்துவிட்டு, அந்த எழுத்துகளில் தொடங்கும் பொருள்களை வீடு முழுக்கத் தேடினாள். கால் மணி நேரம் போயிற்று. எட்டிப் பார்த்த ஆத்தா, "எட்டு, ஏழு, ரெண்டுல்ல இது! எங்க அப்பச்சி கணக்குல இந்த எண்ணுங்கதான் இருக்கும்" என்றார். ஆனால் டேப்லெட் அவர் கைக்குப் போனபோது முதல் அறையையே தாண்டவில்லை. படத்தில் தொங்கும் சாவியைத் தொட்டால் அது நம் பைக்கு வந்துவிடும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இருவருக்கும் ஏற்றபடி ஆட்டத்தின் கடினத்தைக் கூட்டிக் குறைப்பது எப்படி? சண்டை கேமில் எதிரியின் பலத்தைக் குறைத்தால் ஆட்டம் எளிதாகிவிடும். புதிரில் அப்படிக் குறைக்க எதுவுமில்லை. விடை பிடிபட வேண்டும், இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். 1991இல் வந்த 'மங்கி ஐலண்ட் 2' என்ற சாகச கேம் தொடக்கத்திலேயே முழு ஆட்டமா, எளிய ஆட்டமா என்று கேட்டது. எளியதில் பல புதிர்களையே எடுத்துவிட்டார்கள். 2001இல் வந்த 'சைலண்ட் ஹில் 2' என்ற திகில் கேம் சண்டைக்கு ஒரு நிலை, புதிருக்குத் தனி நிலை என்று பிரித்தது.

அதே 'மங்கி ஐலண்ட் 2' முழு ஆட்டத்தில் ஒரு புதிர் உண்டு. குழாயைத் திருக ஸ்பேனர் வேண்டும். அமெரிக்காவில் ஒருவகை ஸ்பேனருக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர். ஆகவே மயக்கிவைத்த குரங்கையே ஸ்பேனராக்கித் திருக வேண்டும்! அந்தப் பெயரே புழங்காத ஊர்க்காரர் எவ்வளவு யோசித்தாலும் என்ன பயன்? என் பேரேட்டிலும் நான் செய்திருந்தது இதே தவறுதான்.

எண்ணை மாற்ற மனமில்லை. பதிலாக, கேமில் வரும் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது வளவுக்கு அடுத்த பகுதியில், ஊறுகாய் ஜாடிகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக வைத்து, ௧ முதல் ௰ வரை எழுதினேன். "சித்தப்பா, ரெண்டாவது ஜாடில உ இருக்கு!" என்று கத்தினாள் சின்னவள். தமிழ் எண் தெரிந்தவர்கள் ஜாடிகளைக் கவனிக்காமலே கடந்துவிடுவார்கள். தெரியாதவருக்குப் பாடம், தெரிந்தவருக்குத் தொந்தரவில்லை. இந்த வகை உதவிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆத்தாவுக்காக முதல் அறையில் ஒரு சாவி, ஒரு பூட்டு தவிர எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

அப்படியும் சிக்கினால் குறிப்பு தர வேண்டும். 1980களில் இன்ஃபோகாம் என்ற கேம் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட குறிப்புப் புத்தகங்களை விற்றது. தனிப் பேனாவால் தேய்த்தால் ஒவ்வொரு வரியாகத் தெரியும். முதலில் லேசான சாடை, கடைசியில் விடை. விடுகதை போடும் அப்பத்தாக்கள் செய்வதும் அதுதானே.

எப்போது தருவது? கடிகாரத்தை நம்பக்கூடாது. ஆத்தா பத்து நிமிடம் ஒரே அறையில் நின்றார். படத்துத் தரையில் இருந்த ஆத்தங்குடிக் கல் எந்த வீட்டுத் தரை மாதிரி என்று யோசித்துக்கொண்டிருந்தார், சிக்கவில்லை. சின்னவள் ஒரே சாவியை எல்லாக் கதவிலும் திரும்பத் திரும்பப் போட்டாள். அதுதான் சிக்கியதன் அடையாளம். இப்போது கேம் அதைத்தான் எண்ணுகிறது.

இன்னொன்று, அறைகளின் அமைப்பு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் மட்டும் வழி வைத்தால், ஒரு பூட்டு ஆட்டத்தையே நிறுத்திவிடும். வளவைச் சுற்றிப் பல கதவுகளைத் திறந்துவைத்தால், ஒன்று முரண்டுபிடிக்கும்போது அடுத்ததற்குப் போகலாம்.

கடினமான நிலைக்கு யோசனை சொன்னது ஆத்தா. "எண்ணூத்தி எழுவத்திரண்டுன்னா நடுவுல நூறும் பத்தும் போட்டுல்ல எழுதுவாக" என்றார். உண்மைதான், பழைய முறையில் அது ௮௱௭௰௨. பேரேட்டை அப்படியே மாற்றினேன். சின்னவள் இப்போது "அ, ள, எ, ய, உ" என்று வாசித்துக்கொண்டிருக்கிறாள். பத்தாவது ஜாடியின் பக்கம் இன்னும் போகவில்லை.