பத்தியம் இருக்கட்டும், சொட்டு மருந்து என்னாயிற்று?

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது உறவினர்கள் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றித்தான். "அத்தைக்குக் கத்தரிக்காய் ஆகுமா டாக்டர்? கருவாடு?" தாராளமாகக் கொடுங்கள். கண்ணுக்கென்று பத்தியம் எதுவும் கிடையாது. சர்க்கரை நோய் இருந்தால் வழக்கமான கட்டுப்பாடும் மாத்திரையும் தொடர வேண்டும், அவ்வளவுதான். டிவி பார்க்கலாம், பேப்பரும் படிக்கலாம். இத்தனையும் விசாரித்துவிட்டு, சொட்டு மருந்துச் சீட்டை மட்டும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இப்போது பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்கும் சிறிய துளை வழியாகவே புரையைக் கரைத்து உறிஞ்சி, லென்ஸ் வைக்கிறோம். தையல் இல்லை; துளை தானே மூடிக்கொள்ளும். உள்ளே ஏற்பட்ட அழற்சி அடங்கத்தான் சில வாரங்கள் பிடிக்கும். அதற்கானது ஸ்டீராய்டு சொட்டு. முதல் வாரம் நாளுக்கு 6 முறை, அடுத்த வாரம் 5 என்று படிப்படியாகக் குறைப்பது பரவலான வழக்கம். உங்கள் சீட்டில் வேறு கணக்கு இருந்தால் அதுவே சரி. பார்வைதான் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்துபவர்கள், கண் சிவந்து, வெளிச்சம் கூசித் திரும்பி வருகிறார்கள். நல்ல மருந்து என்று கெடு தாண்டியும் விடாமல் போட்டால் கண் அழுத்தம் ஏறலாம்.

பாட்டிலைத் திறப்பதிலேயே தகராறு தொடங்குகிறது. ஊக்கால் குத்தித் துளையிட்ட பாட்டில்களை இன்றும் பார்க்கிறேன். பல பாட்டில்களில் மூடிக்குள்ளேயே ஒரு முள் இருக்கும்; இறுக்கித் திருகினால் அளவான துளை விழும். ஊக்கில் இருக்கும் அழுக்கு நேரே மருந்துக்குள் போகும், போதாததற்கு ஒரு சொட்டு விழ வேண்டிய இடத்தில் மூன்று கொட்டும்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். சீட்டில் சொல்லியிருந்தால் பாட்டிலைக் குலுக்குங்கள். பெரியவரைப் படுக்கவைத்து, கீழிமையை மெல்ல இழுத்து, அந்தக் குழியில் ஒரே சொட்டு. பாட்டில் முனை இமையிலோ முடியிலோ படக் கூடாது. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தை ஒரு நிமிடம் இலேசாக அழுத்தியிருந்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி வேண்டும்; இல்லையென்றால் முன்னதைப் பின்னது கழுவிவிடும்.

தலைக்குக் குளிப்பதை டாக்டர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். இரவில் பிளாஸ்டிக் கவசம் அவசியம், தூக்கத்தில் கை கண்ணைக் கசக்காமல் இருக்க. கோயிலுக்குப் போனால் திருநீற்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், நெற்றியில் பூசும்போது உதிர்ந்து கண்ணில் விழும். விளக்கெண்ணெய், தாய்ப்பால் போன்ற கைவைத்தியம் எதுவும் அந்தக் கண்ணின் பக்கமே வரக் கூடாது.

முதல் சில நாட்கள் இலேசான உறுத்தலும் நீர் வடிவதும் இயல்பு. வலி கூடினால், சிவப்பு அதிகமானால், நேற்று தெரிந்தது இன்று மங்கினால் அது வேறு விஷயம். கண்ணுக்குள் கிருமித் தொற்று என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மறுபரிசோதனைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே, மகன் ஊரிலிருந்து வரட்டுமே என்று காத்திருக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றே கிளம்பி வாருங்கள், போட்டுவந்த மருந்துகளையும் கையோடு எடுத்துக்கொண்டு.