பாண்டாவின் கன்னமும் நாயின் புருவமும்

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சரி, அது தன் குஞ்சு. யார் பெற்றதோ தெரியாத குழந்தையையும், நம் இனமே இல்லாத நாய்க்குட்டியையும் பார்த்தவுடன் கொஞ்சத் தோன்றுகிறதே, அது ஏன்?

பெரிய தலை, துருத்திய நெற்றி, உப்பிய கன்னம், பெரிய கண்கள், குட்டையான கைகால், தத்தக்கா பித்தக்கா நடை. இதெல்லாம் சேர்ந்து கண்ணில் பட்டால் பராமரிக்கும் எண்ணம் தானாகவே கிளம்பிவிடுகிறது என்று 1943இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் எழுதினார்.

இந்த அடையாளங்கள் நம்மை மயக்குவதற்கென்றே வந்தவை அல்ல. எந்த உறுப்பு முதலில் வளர்கிறது என்பதுதான் விஷயம். பிறந்த குழந்தையின் கண்ணுக்கு முன்பின் நீளம் சுமார் 17 மி.மீ., வளர்ந்தவருக்கு 24 மி.மீ., அதாவது பிறக்கும்போதே கண் பெரும்பாலும் வளர்ந்தாயிற்று. மூளையும் அவசரமாக வளர்வதால் மண்டையின் மேல்பகுதி பெரிதாக இருக்கிறது, பல் முளைக்காத தாடையோ சின்னது, அதனால்தான் கண்கள் முகத்தில் கீழே இறங்கி உட்கார்ந்தது போலத் தெரிகின்றன.

குழந்தைப் படங்களில் இந்த அளவுகளைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும், குழந்தை பெறாத பெண்களிடம் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள் (2009). நெற்றியும் கண்ணும் பெரிதாக ஆக, இன்பத்தோடும் ஆசையோடும் தொடர்புள்ள பகுதி கூடுதலாக வேலை செய்தது. தாயாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை! பல வருடங்கள் தூக்கிச் சுமந்து, ஊட்டி, காவல் காக்க வேண்டிய பிள்ளை நம்முடையது, தாய் ஒருத்தியால் மட்டும் ஆகிற வேலையா அது? அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அந்த எண்ணம் வந்தால்தான் பிழைக்கும்.

அப்படி யார் பிள்ளை என்று பார்க்காத ஏற்பாடு, என்ன விலங்கு என்றும் பார்ப்பதில்லை. பாண்டாவின் உப்பிய கன்னம் முழுக்க மூங்கிலை நொறுக்கும் தாடைத் தசை, கண்ணோ உண்மையில் சின்னதுதான், சுற்றியுள்ள கருந்திட்டு அதைப் பெரிதாகக் காட்டி ஏமாற்றுகிறது. நாய் இன்னும் கெட்டிக்காரப் பிறவி. உள்புருவத்தைத் தூக்குகிற ஒரு தசை நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது, ஓநாய்களுக்கு அந்த இடத்தில் மெல்லிய நார்கள்தான் என்று 2019இல் அறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். புருவம் ஏறினால் கண் பெரிதாகிறது, முகம் பாவமாகிறது, காப்பகங்களில் அடிக்கடி புருவம் தூக்கும் நாய்களுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. திட்டமிட்டு நடிக்கிறது என்று சொல்ல மாட்டேன். அப்படிப் பார்த்த நாய்க்கு மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், கன்னத்தைக் கடித்துத் தின்றுவிடலாம் போல ஒரு வெறி வருமே, அதற்குப் பயப்பட வேண்டாம். பாசம் அளவுக்கு மீறிப் பொங்கும்போது மனம் அதற்கு நேரெதிரான உணர்ச்சியைக் காட்டித் தன்னைச் சமன்செய்துகொள்கிறது என்பது உளவியலாளர்கள் தரும் ஒரு விளக்கம். கை கன்னத்தை லேசாகக் கிள்ளுவதோடு நின்றுவிடும்.