அறிவிப்பில் போட்ட தொகை உங்கள் ஊதியம் ஆகாது: பொதுச்சுவரில் முதல் வேலை எடுப்பவர்களுக்கு

சுவர் முடிந்தது, திறப்பு விழாவும் நடந்தது, வரைந்தவர் கையில் கடன் மட்டும் மிச்சம். உள்ளாட்சிகளின் பொதுக்கலைத் திட்டங்களில் முதல் வாய்ப்புப் பெறும் இளம் கலைஞர்களிடம் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். ஓவியத்தில் குறை இருக்காது. திட்டமும் பெரும்பாலும் நல்ல எண்ணத்தில் போட்டதாகவே இருக்கும். விண்ணப்பம் எழுதும்போதே கணக்கு தவறிவிடுகிறது. ஒவ்வொருவரிடமும் வேலை முடிந்தபிறகு இதைச் சொல்வதில் யாருக்கும் பயன் இல்லை. அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்.

முதலில், பணம் எந்த வழியாக வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். பொதுக் கட்டடத்தின் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் விதி பல நாடுகளில் உண்டு. பிரான்சில் 1951-ல் பள்ளிக் கட்டடங்களுக்காகத் தொடங்கியது. அமெரிக்க நகரங்களில் ஃபிலடெல்ஃபியா 1959-லும், சியாட்டில் 1973-லும் இதைக் கொண்டுவந்தன. இந்தப் பணம் அந்தக் கட்டடத்தோடு ஒட்டியே இருக்கும். நிரந்தரப் படைப்புக்கானது என்பதால் தேர்வுக் குழு அனுபவமுள்ளவரையே தேடும். புதியவர்கள் நுழையும் கதவு வேறு: சிறு நல்கைகள், கட்டுமான வேலி ஓவியங்கள், மின்பகிர்மானப் பெட்டிகள், சில மாதம் மட்டும் இருக்கும் தற்காலிகப் படைப்புகள், மூத்த கலைஞரோடு இணைந்து செய்யும் வேலைகள். சில உள்ளாட்சிகள் முன்கூட்டியே தகுதி பார்த்து ஒரு கலைஞர் பட்டியல் வைத்திருக்கும். சிறு வேலைகளுக்கு அதிலிருந்தே நேரடியாக அழைப்பார்கள். அந்தப் பட்டியலில் பெயர் ஏறுவதுதான் முதல் வேலை. பெரிய சுவரைத் துரத்துவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் உங்கள் தகுதியைக் கேட்பார்கள்: பழைய படைப்புகளின் படங்கள், சிறு குறிப்பு, அவ்வளவுதான். இன்னொன்றில் வடிவமைப்பையே கேட்பார்கள். தகுதி மட்டும் கேட்ட இடத்துக்கு முழு வடிவமைப்பையும் வரைந்து அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது உங்களுக்குச் சாதகமாகாது. இடத்தையும் மக்களையும் பார்க்காமலே முடிவெடுத்துவிட்டார் என்றுதான் குழு நினைக்கும். வடிவமைப்புக் கேட்டால், இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கு வடிவமைப்புக் கட்டணம் உண்டா என்று பாருங்கள். அறிவிப்பில் இல்லையென்றால் கூச்சப்படாமல் எழுத்தில் கேளுங்கள்.

இந்த ஒரு தவறான எண்ணத்தை விடுங்கள்

அறிவிப்பில் ஒரு தொகை இருக்கிறது. அதைப் பார்த்ததும் ‘இவ்வளவு கிடைக்கும், சாயத்துக்குக் கொஞ்சம் போக மிச்சம் எனக்கு’ என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தத் தொகை திட்டம் முழுவதற்குமானது. உயரத்தில் நின்று வரையக் கட்டும் சாரம் அதில்தான், உதவியாளர் கூலி அதில்தான், காப்பீடு, வரி, பெயர்ப்பலகை, புகைப்படம் எல்லாம் அதில்தான். ‘அனைத்தும் உள்ளடங்கிய தொகை’ என்று ஒரு வரி இருந்தால் அதற்கு அர்த்தம் இதுதான்.

மொத்தத்தை 100 என்று வைத்துக்கொண்டு நடுத்தர உயரச் சுவருக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாரம் அல்லது தூக்கு மேடை வாடகை 18. சுவரைத் தயார்செய்து பிரைமர் அடிக்க 12. சாயமும் மேல்பூச்சும் 13. உதவியாளர் கூலி 12. காப்பீடு, அனுமதிகள் 5. பெயர்ப்பலகையும் படப்பதிவும் 4. முதல் ஆண்டுப் பராமரிப்பு 6. எதிர்பாராச் செலவு 10. மீதி 20 உங்கள் ஊதியம். வரியைத் தனியாகத் தராவிட்டால் அதுவும் இந்த 100-க்குள்ளிருந்துதான் போக வேண்டும்.

இந்த விகிதம் சுவருக்குச் சுவர் மாறும். தரையில் நின்றே வரையக்கூடிய சுவர் என்றால் சாரச் செலவு மறைந்து உங்கள் பங்கு உயரும். தொகை சிறியதாக இருந்தால் ஊதியத்தின் பங்கு இன்னும் அதிகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் வடிவமைப்பும் கூட்டங்களும் சிறிய சுவருக்கும் அதே நேரத்தைத்தான் தின்கின்றன. எப்படி மாறினாலும் ஒன்றை மாற்றாதீர்கள்: ஊதியத்தை முதல் வரியில் எழுதுங்கள். கடைசி வரியில் எழுதினால், விலை ஏறும்போதெல்லாம் வெட்டுப்படுவது அந்த வரிதான். எதிர்பாராச் செலவையும் தொடாதீர்கள். ‘அது மிஞ்சும்’ என்று ஊதியத்தில் சேர்த்துக்கொள்பவர்களுக்கு அது ஒருபோதும் மிஞ்சுவதில்லை. இரண்டு நாள் மழை போதும், சார வாடகை அதைத் தின்றுவிடும்.

ஊதியம் 20 என்றால் எத்தனை நாளுக்கு 20? இதையும் யாரும் கணக்கிடுவதில்லை. 20 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரம் என்றால் 120 சதுர மீட்டர். அதே மாதிரிப் பரப்பில் ஒரு சதுர மீட்டரை முழு நுணுக்கத்தோடு வரைந்து பாருங்கள், கடிகாரம் பார்த்து. ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் 180 மணி நேரம். பயன்படும் வெளிச்சம் நாளுக்கு 6 மணி நேரம். ஒருவர் செய்தால் 30 நாள், இருவர் என்றால் 15. உயரத்தில் வேகம் இன்னும் குறையும். வடிவமைப்பு, மக்கள் கூட்டங்கள், அலுவலகத்துக்கு நடந்த நாட்கள் இதில் சேரவில்லை. இந்த நாட்களால் ஊதியத்தை வகுத்துப் பாருங்கள். வரும் எண் உங்கள் உதவியாளரின் நாள்கூலியைவிடக் குறைவாக இருந்தால், சுவரின் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். ‘120-க்குப் பதில் 70 சதுர மீட்டர், அதே தரத்தில்’ என்று எழுதித் தருவது முற்றிலும் நியாயமான கோரிக்கை. பல குழுக்கள் ஏற்கவும் செய்கின்றன.

சாயத்துக்கும் இதே சுவர்தான் கணக்கு. வழவழப்பான பரப்பில் ஒரு லிட்டர் ஒரு கைக்கு, அதாவது ஒரு முறை பூச, 8 முதல் 10 சதுர மீட்டர் ஓடும். 120 சதுர மீட்டருக்கு ஒரு கை 12 முதல் 15 லிட்டர், இரண்டு கை 24 முதல் 30 லிட்டர். சொரசொரப்பான பூச்சு என்றால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வரும் நேரமும் முக்கியம். செலவழித்துவிட்டு பில் காட்டினால் திருப்பித் தரும் திட்டங்கள்தான் புதியவர்களைக் கவிழ்க்கின்றன. சாரக்காரர் முதல் நாளே கேட்பார். உள்ளாட்சி மாதங்கள் கழித்துத் தரும். ஒப்பந்தத்தில் தவணை கேளுங்கள்: கையொப்பமானதும் ஒரு பகுதி, வடிவமைப்பு ஒப்புதலானதும் ஒரு பகுதி, பாதி வேலையில் ஒரு பகுதி, வேலை முடியும்வரை அவர்கள் பிடித்து வைக்கும் சிறு தொகை கடைசியில். முன்பணமே தர வழியில்லை என்றால், சாரத்தையும் சுவர்த் தயாரிப்பையும் உள்ளாட்சியே தன் ஒப்பந்ததாரர் மூலம் செய்யட்டும் என்று கேளுங்கள். அது அவர்களுக்கும் எளிது.

சுவரைக் கேட்காமல் சாயம் வாங்காதீர்கள்

ஓவியம் உரிவதற்குச் சாயத்தைக் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஓதம், அதாவது சுவரில் ஊறிய ஈரம். புதிய சிமென்ட் பூச்சு 28 நாளாவது ஆற வேண்டும். அதற்குமுன் காரத்தன்மை அதிகம், நிறமும் பிடிப்பும் இரண்டும் கெடும். திறப்பு விழாத் தேதிக்காக இந்த 28 நாளைச் சுருக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பழைய சுவருக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரமான கனமான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் நாடாவால் காற்றுப்புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். உள்பக்கம் துளி கோத்திருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது. அடியில், நடுவில், மேலே என மூன்று இடத்திலாவது பாருங்கள். அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் எங்கிருந்தோ ஏறுகிறது. அதை உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுக்க வேண்டும்; கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். கசிவை அடைக்காமல் எவ்வளவு நல்ல பிரைமர் அடித்தாலும் வீண். கசிவை அடைப்பது கட்டட உரிமையாளரின் வேலை, அதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

உள்சுவருக்கான பட்டியை (வால் புட்டி) வெளிச்சுவரில் போடுவதை இன்னமும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஒரு மழைக்காலம் முடிந்ததும் தகடு தகடாகக் கழன்று வரும், உங்கள் ஓவியத்தையும் சேர்த்துக்கொண்டு.

உச்சி வெயிலில் கொதிக்கும் சுவரில் அடித்தால் சாயம் பிடிப்பதற்குமுன் காய்ந்துவிடும், நிழல் நகர்வதைப் பின்பற்றி வேலை செய்யுங்கள். வெயில் விழும் பக்கத்தில் மலிவான பளிச் சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா ஆகியவை முதலில் வெளுக்கும். காவி வகைகளும் கருப்பும் வெள்ளையும் நிற்கும். மனித முகத்தின் நிறத்தை வெளுக்கும் சிவப்பை நம்பிக் கட்டாதீர்கள். ஈரமுள்ள சுவரில் மூச்சுவிடாத மேல்பூச்சு அடித்தால் உள்ளே அடைபட்ட ஈரம் மொத்தப் படலத்தையும் கொப்புளமாகத் தள்ளிவிடும்.

மக்கள் பங்கேற்பு

சமூகக் கலைத் திட்டம் என்று பெயர் வைத்துவிட்டு, திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் நாலு குழந்தைகள் கையில் பிரஷைக் கொடுத்துப் படமெடுப்பது பங்கேற்பாகாது. வடிவமைப்பு முடிவாவதற்கு முன்பே இரண்டு கூட்டமாவது வேண்டும்: ஒன்று கேட்பதற்கு, மற்றது வரைந்ததைக் காட்டித் திருத்துவதற்கு. வரைவதிலும் மக்களைச் சேர்க்க, நெய்யாத் துணி (நூலால் நெய்யாமல் இழைகளை ஒட்டிச் செய்த மெல்லிய துணி) முறையைப்போல் நல்லது வேறு இல்லை. 1984-ல் சுவர்க்கிறுக்கலுக்கு மாற்றாகத் தொடங்கிய ஃபிலடெல்ஃபியா சுவரோவியத் திட்டம் இதைப் பெருமளவில் கையாள்கிறது. வடிவத்தைச் சதுரங்களாகப் பிரித்து, துணியில் எண் போட்டுக் கோடிழுத்து, பள்ளியிலோ நூலகத்திலோ மேசைமேல் விரித்து எல்லோரும் அக்ரிலிக்கால் நிரப்புவார்கள். பிறகு கலைஞர் அதை அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டி விளிம்புகளைச் சரிசெய்வார். முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் வரையலாம், யாரும் சாரம் ஏற வேண்டியதில்லை. பசையில் காற்றுக்குமிழி நின்றால் அந்த இடம்தான் முதலில் உரியும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தேய்த்து வெளியேற்றுங்கள்.

வாய்ச்சொல்லும் பணி ஆணையும்

உள்ளாட்சி மன்ற உறுப்பினர் ‘ஆரம்பிங்க, பாத்துக்கலாம்’ என்பார். அன்பாகத்தான் சொல்வார். அது ஆணை ஆகாது. மன்றத் தீர்மானம், சுவர் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல், உங்கள் பெயரிட்ட பணி ஆணை ஆகிய மூன்றும் கைக்கு வரும்வரை ஒரு டப்பா சாயமும் வாங்காதீர்கள். ஆணைக்கு முந்தைய தேதியிட்ட பில்லைத் தணிக்கையில் ஏற்க மாட்டார்கள். அந்த உறுப்பினரே நினைத்தாலும் பணம் வாங்கித் தர முடியாது.

சுவர் அவர்களுடையது, அதனால் ஓவியமும் எல்லா உரிமைகளோடும் அவர்களுடையது என்று நினைக்கும் அதிகாரிகளும் உண்டு, கலைஞர்களும் உண்டு. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்தாலொழிய அது உங்களிடம் இருக்கும் என்பது பல நாடுகளில் நிலை; ஆனால் இந்தியாவில் பணம் பெற்று வரைந்த ஓவியத்துக்கு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் ஆகலாம். உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்றபிறகும் படைப்பாளிக்குச் சில தார்மீக உரிமைகளை (படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பது போன்றவை) தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-ல் அவருக்குத் தெரியாமல் கழற்றப்பட்டது. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சிய பகுதிகளை அவரிடமே ஒப்படைக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. நியூயார்க்கில் சுவரோவியங்களுக்குப் பெயர்பெற்ற 5பாயின்ட்ஸ் கட்டடத்தின் சுவர்களை 2013-ல் முன்னறிவிப்பின்றி வெள்ளையடித்த உரிமையாளர் 21 கலைஞர்களுக்கு 67.5 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2018-ல் தீர்ப்பானது. அகற்றுவதற்கு 90 நாள் முன்னறிவிப்பு, படமெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு, ஓவியத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் தனிக் கட்டணம் என்று மூன்று வரி சேர்த்தால் யாரும் நீதிமன்றம் போக வேண்டியிருக்காது.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘வளரும் கலைஞர்களுக்கு’ என்று தலைப்பிட்டுவிட்டு, மூன்று ஆண்டு வருவாய்ச் சான்றும் முன்வைப்புத் தொகையும் (டெபாசிட்) கேட்காதீர்கள். அது சாலை ஒப்பந்தத்துக்கு எழுதிய படிவம்; அதில் தேறுவது விளம்பர நிறுவனங்கள் மட்டும்தான். குறைந்த விலைப்புள்ளிக்கு வேலை என்ற விதியை இங்கே கொண்டுவராதீர்கள். தொகையை நீங்களே நிர்ணயித்துவிட்டு, தரத்தில் போட்டியிட விடுங்கள். பராமரிப்புக்கு நிதி ஒதுக்காமல் நிரந்தர ஓவியம் கேட்காதீர்கள்.

வேலை முடிந்ததும் கலைஞர் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கும். பயன்படுத்திய ஒவ்வொரு சாயத்தின் நிறுவனம், நிற எண், மேல்பூச்சின் வகை, கழுவும் முறை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். நீங்களே கலந்த நிறங்களில் அரை லிட்டர் வீதம் அடைத்து, ஓவியத்தின் எந்தப் பகுதி என்று ஒட்டி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த கிறுக்கலை யாராவது கையில் கிடைத்த சாம்பல் நிறத்தால் மூடிவிடுவார்கள். தாளையும் டப்பாக்களையும் உள்ளாட்சிப் பொறியாளரிடம் ஒப்படைத்து நகலில் கையொப்பமும் தேதியும் வாங்குங்கள். பிடித்து வைத்த கடைசித் தவணைக்கான பில்லோடு அந்த நகலையும் இணைத்துவிடுங்கள்.